மாப்பிள்ளையின் கன்னம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. கடிதம் எழுதியிருக்கிறேன், கடைக்குச் சாமான் துண்டு எழுதியிருக்கிறேன், கட்டுரை எழுதியதில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. சொன்னதையே திரும்பச் சொல்வேன், சொல்ல வேண்டியதை விட்டுவிடுவேன். எங்கள் வட்டக்கச்சி ஆட்கள் சேர்ந்து வருடா வருடம் போடுகிற மலருக்கு இந்த முறை பெண்களும் எழுத வேண்டுமாம். குளிர்காலத்தில் வீட்டில் பிள்ளைகளோடு என்ன சமைக்கிறீர்கள், என்ன சுடுகிறீர்கள் என்று எழுதினால் போதுமாம். மகள் வதனி, "உங்களுக்குத் தெரிஞ்சதுதானே அம்மா, எழுதுங்கோவன்" என்று கொப்பியையும் பேனையையும் மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். சமையல் குறிப்புத்தான் எழுதத் தொடங்குகிறேன். எங்கே போய் நிற்கும் என்று தெரியவில்லை.

இந்தச் சுவிஸ் நாட்டில் பெண்கள் ஒரு குழந்தையைக் கண்டாலும், நாய்க்குட்டியைக் கண்டாலும் "யோ..." என்று இழுத்துச் சொல்வார்கள். செல்லமாக இருக்கிறது என்று அர்த்தமாம். வந்த புதிதில் எனக்கு அது தெரியாது. என் காதுக்கு அது "ஐயோ" என்றுதான் கேட்கும். பஸ்ஸில் ஒரு தாய் பிள்ளைவண்டிலோடு ஏறினால் இரண்டு மூன்று கிழவிகள் எட்டிப் பார்த்து "யோ" என்பார்கள். அந்தப் பிள்ளைக்கு என்ன வருத்தமோ, தாய் ஏன் சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்று யோசிப்பேன்.

முதல் வருடத்து மார்கழி. மகள் பாண் வாங்கி வரச்சொல்லித் தெருமுனைப் பேக்கரிக்கு அனுப்பினாள். போய்ப் பார்த்தால் கண்ணாடிக்குள்ளே மாவினால் செய்த ஆட்கள். கையும் காலும் தலையும் வைத்து, கண்ணுக்கு இரண்டு திராட்சை வற்றல், நாங்கள் ஊரில் பிளம்ஸ் என்று சொல்வோமே, அதைக் குத்தி, பொன்னிறமாகச் சுட்டு வைத்திருந்தார்கள். வரிசையாக மல்லாக்கப் படுத்திருந்தார்கள். மாவினால் செய்ததைப் படுத்திருந்தன என்றல்லவா எழுத வேண்டும். எழுதியபடியே இருக்கட்டும். நான் பின்னாலிருந்த பாணைக் கையால் காட்டினேன். கடைக்காரி அந்த ஆட்களில் ஒருவனை எடுத்துக் கடதாசிப் பையில் போட்டுத் தந்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பாஷையும் இல்லை, துணிவும் இல்லை. வெளியே பனி கொட்டியது. பை சிறிது, தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நனையப் போகிறதே என்று கோட்டைத் திறந்து நெஞ்சோடு உள்ளே வைத்துக்கொண்டேன். இன்னும் சூடு இருந்தது.

மாடிப்படியில் மேல்வீட்டுக் கிழவி எதிரே வந்தா. என் கழுத்தடியில் எட்டிப் பார்க்கிற தலையைக் கண்டதும் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்து, "யோ...!" என்றா. எனக்கு அவ்வளவுதான். இந்த மனுசிக்கு யார் சொன்னார்கள், என் பிள்ளையைப் பற்றி எப்படித் தெரிந்தது என்று நினைத்தேன். "ஓம்... ஓம்..." என்று சொல்லிக்கொண்டு அந்தப் படியிலேயே இருந்து அழுதுவிட்டேன். அவா பயந்துபோய் என் முதுகைத் தடவி என்னவோ எல்லாம் சொன்னா. பின்னேரம் ஒரு போத்தல் ஜாம் கொண்டுவந்து தந்தா. அந்தச் சொல்லின் அர்த்தத்தை வதனி சொன்னபோது வெட்கமாகப் போய்விட்டது. அதன் பிறகு அவாவைக் கண்டால் நான் வழி மாறிப் போவேன்.

அந்த மா ஆளுக்கு இவர்கள் வைத்திருக்கிற பெயர் கிரித்திபென்ஸ். மார்கழி ஆறாம் திகதி பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். "கிரி" என்று தொடங்கும்போதே எனக்கு "கிருபா" என்றுதான் கேட்கும். என் மகன் கிருபாகரன். வீட்டில் கிருபா. வதனிக்குத் தம்பி. அன்றைக்கு வதனியின் சின்னவள் நிலா அந்தக் கிரித்திபென்ஸை வாங்கி முதல் கடியிலேயே தலையைக் கடித்து எடுத்தாள். அது இங்கே எல்லாப் பிள்ளைகளும் செய்கிறதுதான். நான் எழும்பி அறைக்குள் போய்விட்டேன். அதற்குப் பிறகு சில வருடங்கள் வதனி அதை வீட்டுக்கு வாங்கவில்லை. பிள்ளைகளும் கேட்கவில்லை. தாய் என்ன சொல்லி வைத்திருந்தாளோ.

மாவில் ஆள் செய்வது எனக்குத் தெரியாத காரியம் இல்லை. மார்கழி மாதம் வட்டக்கச்சியில் எப்படி மழை பெய்யும் என்று இதை வாசிக்கிற உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரணைமடுக் குளம் நிறைந்து வாய்க்கால் முட்டி ஓடும். வளவெல்லாம் தவளைச் சத்தம். பிள்ளைகள் குசினியை விட்டு வெளியே போகமாட்டார்கள். நான் ரொட்டிக்கு மா குழைத்தால் கிருபாவுக்கு ஒரு உருண்டை கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுப்படியில் நின்று ஒரே அரியண்டம். அதில் அவன் உழவு மெசின் செய்வான். சுடுசாம்பலுக்குள் புதைத்துவிட்டு, "அம்மா, வெந்திட்டுதோ, அம்மா, வெந்திட்டுதோ" என்று கேட்டுக்கொண்டிருப்பான். எடுத்துத் தட்டி, நாலு சில்லையும் பிய்த்து முதலில் அக்காவுக்குக் கொடுப்பான். "சில்லு இல்லாத மெசின் இனி ஓடாது, உனக்கு ஏனடா?" என்று வதனி பகிடி பண்ணுவாள். "இது வயலுக்க நிண்டு போச்சு, நான் இழுத்துக்கொண்டு வாறன்" என்று மிச்சத்தை இழுத்து வாய்க்குள் போடுவான். பிள்ளைகளின் அப்பா காய்ச்சலில் போன பிறகு எங்கள் வீட்டில் சிரிப்பு என்றால் அது அவனுடையதுதான். கன்னத்தில் ஒரு கறுப்பு மச்சம், பிளம்ஸ் அளவுக்கு. சிரித்தால் அது மேலே ஏறும்.

வதனி கலியாணம் முடித்து இங்கே வந்த பிறகுதான் ஊரில் போரின் கடைசிச் சண்டை. நானும் அவனும் இடம் மாறி மாறி, முல்லைத்தீவுப் பக்கம் கடற்கரையில் ஒரு தறப்பாளுக்குக் கீழே வந்து கிடந்தோம். அவனுக்குப் பத்தொன்பது வயது. ஒரு நாள் காலமை கொஞ்சம் கோதுமை மா கிடைத்தது. சட்டியில் கொட்டி வைத்துவிட்டுத் தண்ணீர் தேடினால் ஒரு சொட்டு இல்லை. அவன் மஞ்சள் வாளியைத் தூக்கினான். "அம்மா, பசியில பச்சை மாவை விழுங்கிப் போடாதேங்கோ. தண்ணி கொண்டு வாறன்" என்று சிரித்துக்கொண்டு போனான். நான் மாவுக்குள் கையை வைத்தபடி இருந்தேன். பிறகு செல் விழுந்து வெடித்தது. சனம் எழும்பி ஓடியது. தள்ளிக்கொண்டு போன சனத்தோடு நானும் போனேன், கையில் மாச்சட்டி. சண்டைக்குப் பிறகு எங்களை வைத்திருந்த முகாமில் ஒரு பூவரசங்குளத்துப் பெண் எனக்குச் சொன்னாள், சனம் தப்பிக் கடந்து வந்த பாலத்துக்கு இந்தப் பக்கம் மஞ்சள் வாளியோடு ஒரு பெடியனைக் கண்டனான், கன்னத்தில மச்சம் இருந்தது என்று. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் நான் இவ்வளவு காலமும் இருக்கிறேன். அவனுடைய படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. எல்லாம் ஒரு பையில் இருந்தது, பை பங்கரோடு, அந்தப் பதுங்குகுழியோடு, போய்விட்டது.

இப்போது சமையல் குறிப்புக்கு வருகிறேன். இந்த மார்கழியில் பெரியவள் ஆரணி தாயைப் பிடித்துக்கொண்டாள், இந்த முறை கிரித்திபென்ஸ் வீட்டில்தான் செய்ய வேண்டும், அம்மம்மாதான் மா குழைக்க வேண்டும் என்று. அவளுக்கு எட்டு வயது, பிடித்த பிடி விடமாட்டாள். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அரைக் கிலோ கோதுமை மா, கொஞ்சம் சீனி, உப்பு, ஒரு துண்டு பட்டர், ஈஸ்ற், இளஞ்சூட்டுப் பால். பால் எவ்வளவு என்பது மறந்துவிட்டது. கையில் ஒட்டாமல் வரும் வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரொட்டி மாவைவிட நல்லாக அடித்துக் குழைத்து, ஈரத் துணியால் மூடி, ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் ஒரு மணித்தியாலத்தில் இரண்டு மடங்காகப் பொங்கும். பிறகு நீட்டாக உருட்டி, கழுத்தை நெரித்துத் தலை எடுத்து, கத்தரிக்கோலால் கீழே வெட்டிக் கால், பக்கங்களில் வெட்டிக் கை. முட்டை பூசி, கண் வைத்து, போறணையில் வேகவிட வேண்டும். பிள்ளைகள் ஓவன் என்பார்கள். எனக்கு ஊர்ப் பேக்கரியில் சொல்வதுபோல் போறணை என்றுதான் வரும்.

"அம்மம்மா, கிரித்திபென்ஸுக்குத் தமிழில என்ன பேர்?" என்று நிலா கேட்டாள்.

"மாவில செய்த பிள்ளை. மாப்பிள்ளை" என்றேன்.

மருமகன் கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். "மாமி, ஆரைப் போறணைக்குள்ள வைக்கப் போறியள்? நான் இண்டைக்கு வேலைக்கே போயிருக்கலாம்" என்றார். வதனி சிரித்து, "வெந்தாலும் உங்களை ஆர் தின்னுறது?" என்றாள். பிள்ளைகள் விளங்காமலே சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கலியாண வயதுக்கு முன்னமே, மாப்பிள்ளை என்ற சொல்லைக் கேட்காமல் போனவன் ஞாபகம் வந்தது. சிரிப்பை நிற்பாட்டவில்லை. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சிரிப்பு எனக்கும் வதனிக்கும் நடுவில் பல நாட்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு கிழமைக்கு முதல் அவள் இங்குள்ள கோயில் ஐயரிடம் கேட்டிருக்கிறாள். உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து, பெயர் சொல்லிக் கடமையைச் செய்து, அதை எரித்துவிடலாமாம். தை அமாவாசைக்குச் செய்வோம் என்றாள். "எத்தனை வருசம் அம்மா? தம்பிக்கு ஒரு எள்ளுத்தண்ணியாவது இறைக்க வேண்டாமோ?" என்றாள். எனக்கு வாய் அடங்கவில்லை. "தண்ணி எடுக்கப் போனவனுக்கு நீ தண்ணி இறைக்கப் போறியோ?" என்று கேட்டுவிட்டேன். அவள் போய்க் கோப்பை கழுவினாள். பிறகு நாங்கள் தேவைக்கு மட்டும் கதைத்தோம்.

அன்றைக்கு மூன்று மாப்பிள்ளை செய்தோம். ஆரணிக்கு ஒன்று, நிலாவுக்கு ஒன்று, மிச்ச மாவில் எனக்கு ஒன்று. கடைசியாகச் செய்தவனுக்குக் கண் வைத்த பிறகு என் கையில் ஒரு பிளம்ஸ் மிஞ்சியிருந்தது. "இதைக் கன்னத்தில வை பிள்ளை, வலப்பக்கம்" என்று ஆரணியிடம் கொடுத்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. வதனி கைகழுவும் இடத்தில் நின்றவள் திரும்பவில்லை. ஆனால் அவளுடைய முதுகு கேட்டுக்கொண்டிருந்தது.

ஆரணி வைத்தாள்.

"அந்தப் பக்கம் இல்லையடி. இஞ்சால. வலப்பக்கம் எண்டெல்லே சொன்னனான்."

"வலப்பக்கந்தான் வைச்சனான்."

"வலக்கை எது எண்டு தெரியாதே உனக்கு? சோறு தின்னுற கை!"

"ஐயோ அம்மம்மா! அது *உங்கட* வலது. அவன்ர வலது இது. நீங்கள் காட்டுறது அவன்ர லிங்ஸ்." இடது என்பதற்கு அவளுக்கு அந்தச் சொல்தான் முதலில் வரும். நான் நம்பாமல் பார்த்தேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. மேசையைச் சுற்றி ஓடி வந்து என் முகத்துக்கு நேரே நின்று, "இப்ப நான்தான் கிரித்திபென்ஸ். பாருங்கோ" என்று தன் வலக்கையைத் தூக்கினாள். அது எனக்கு இடப்பக்கத்தில் நின்றது.

மச்சத்தைப் பற்றி எனக்கும் வதனிக்கும் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. நான் வலது என்பேன், அவள் இடது என்பாள். அவள் ஊரை விட்டுப் போய்க் கனகாலம், மறந்துவிட்டாள் என்று நான் சொல்வேன். உங்களுக்கு மறதி என்று அவள் சொல்வாள். இப்போது தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டுத் திரும்பினாள்.

"அம்மா, நான் அவனை அப்பாவின்ர சைக்கிள் பாரில இருத்திப் பள்ளிக்கூடம் கொண்டுபோனனான். ரெண்டு காலையும் இடப்பக்கம் போட்டுக்கொண்டு இருப்பான். அவன்ர இடது கன்னந்தான் என்ர முகத்துக்குக் கிட்ட. வாய்க்கால் கட்டு முழுக்க அந்த மச்சத்தைப் பாத்துக்கொண்டுதான் மிதிச்சனான்."

நான் என் வலக்கையைப் பார்த்தேன். மா ஒட்டியிருந்தது. அவனை எதிரே இருத்தி அந்தக் கையால்தான் அவன் வாயில் சோறு தீத்தினேன். கன்னத்தில் ஒட்டின பருக்கையை அந்தக் கையால்தான் துடைத்தேன். என் வலக்கைக்கு நேரே இருந்தது மச்சம். அவனுக்கு அது இடது. பெற்ற பிள்ளையின் கன்னத்தை இத்தனை வருடமும் என் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறேன்.

அறைக்குப் போய் என் கைப்பையிலிருந்து அந்தக் கடதாசியை எடுத்துவந்தேன். முகாமிலிருந்து வந்த பிறகு கிளிநொச்சியில் ஒரு அலுவலகத்தில் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி. எழுதின தம்பி நல்ல பிள்ளை, அம்மா ஆறுதலாகச் சொல்லுங்கோ என்றுதான் கேட்டவர். எந்தக் கன்னம் என்று கேட்டபோது நான் கையைத் தூக்கி, தீத்துகிற மாதிரி, "இந்தப் பக்கம்" என்றேன். அவர் வலது என்று எழுதி வாசித்தும் காட்டினார். நான் ஓம் என்று கையெழுத்து வைத்தேன். பிழை என்னுடையது. "வலது கன்னத்தில் கறுப்பு மச்சம்." மடிப்பில் கிழிந்திருந்தாலும் அது தெளிவாகத்தான் இருந்தது.

"பிழையான பிள்ளையை எல்லோ தேடியிருக்கினம், வதனி" என்றேன். "அவன் எங்கையாவது ஒரு இடத்தில இருந்து, ஆரும் வந்து கன்னத்தைப் பாத்திட்டு, இவன் இல்லை எண்டு போயிருந்தா?"

மருமகன் பேப்பரை மடித்து வைத்தார். வதனி எனக்குக் கிட்ட வந்து, பிள்ளைகளுக்குக் கேட்காத குரலில் சொன்னாள். "அம்மா, மச்சத்தை வைச்சு ஒருத்தரும் தேடேல்லை அம்மா."

அவள் கெட்ட மனதில் சொல்லவில்லை. எனக்கும் அது தெரியாத விசயம் இல்லை. ஆனால் தெரிந்துகொண்டு இருப்பது ஒன்று, காதால் கேட்பது வேறு. ஆரணி எனக்குப் பயந்தாளோ, பாவப்பட்டாளோ, பிளம்ஸைப் பிடுங்கி நான் காட்டின பக்கத்தில் குத்திவிட்டாள்.

"இப்ப சரியோ?" என்று கேட்டாள்.

"சரி" என்று சொன்னது வதனி.

நிலாவுடையதையும் ஆரணியுடையதையும் போறணையில் வைத்தார்கள். வீடு முழுக்க வாசம். அடுப்படிச் சாம்பலுக்குள் இருந்து வந்த அதே வாசம் என்று எழுத ஆசைதான். பொய் சொல்லக்கூடாது. இது பட்டரும் பாலும் சேர்ந்த வேறு வாசம். தேத்தண்ணியோடு சாப்பிட நல்லாகத்தான் இருந்தது. நிலா தலையைக் கடிக்காமல் என்னைப் பார்த்து, காலில் இருந்து தொடங்கினாள். தலையை ஒரு கோப்பையில் எடுத்து வைத்தாள், அம்மம்மா அறைக்குள் போன பிறகு தின்பதற்கு. மூன்றாமவன் கிடந்த தட்டை வதனி கையில் எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன், வேண்டாம் என்று. ஐயர் சொன்ன உருவமும் நெருப்பும்தான் என் கண்ணுக்குள் நின்றது. அவளுக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். தட்டைத் துணியால் மூடி பல்கனியில் கொண்டுபோய் வைத்தாள். குளிர்காலத்தில் இங்கே பல்கனிதான் எங்களுக்கு இன்னொரு ஃபிரிஜ்.

அன்றைக்கு நான் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். அந்தக் கடதாசியில் இருப்பதைத் திருத்த வேண்டும். திருத்தி ஒரு வருடம் பார்க்க வேண்டும். அடுத்த மார்கழிக்கும் ஒரு சேதியும் வராவிட்டால், தை அமாவாசைக்கு அவள் ஆசைப்படி செய்யட்டும், நானும் வந்து நிற்கிறேன் என்றேன். "நீங்கள் வந்து நிண்டாலே காணும் அம்மா" என்று சொல்லி அழுதாள். அவள் தம்பிக்காக அழுது நான் முதன்முதலில் கண்டது அன்றைக்குத்தான். இத்தனை காலமும் என் முன்னால் அழாமல் இருந்திருக்கிறாள்.

இதை எழுதும்போதும் அவன் பல்கனியில்தான் இருக்கிறான். பாதி பொங்கினபடியே உறைந்து கல்லாகிவிட்டான். பச்சை மாவும் இல்லை, பாணும் இல்லை. ஒரு கன்னம் குசினி வெளிச்சத்தில், மற்றக் கன்னம் பனிப்பக்கம். பங்குனியில் வெயில் வந்தால் இளகிச் சரிந்துவிடுவான் என்று மருமகன் சொல்கிறார். நேற்றுக் காலமை காற்றுக்குத் துணி விலகியிருந்தது. மூடப் போனபோது மேல்வீட்டுக் கிழவி தன் பல்கனியிலிருந்து குனிந்து பார்த்து, "யோ..." என்றா. அர்த்தம் இப்போது எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு அந்த முதல் மார்கழியில் கேட்ட மாதிரி ஐயோ என்றுதான் கேட்டது. நான் வழி மாறிப் போகவில்லை. நிமிர்ந்து பார்த்து, "ஓம்" என்றேன்.

இனி, இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பால் அளவை வதனியிடம் கேட்டுத் திருத்திப் போடுங்கள். எழுத்துப் பிழைகளையும் பாருங்கள். கிளிநொச்சிப் பக்கம் போகிறவர்கள் யாராவது, அப்படியான முறைப்பாடுகளை இப்போது எங்கே வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்து, கிருபாகரன், வட்டக்கச்சி என்று இருக்கிற கடதாசியில் வலது என்பதை இடது என்று மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அவனோடு படித்தவர்கள், வாய்க்காலில் குளித்தவர்கள் இருந்தால், நான் இப்போது சொல்வதாவது சரியா என்று ஒருமுறை யோசித்துச் சொல்லுங்கள். என்னைப் போல அவனுக்கு முன்னால் நின்று யோசிக்காதீர்கள். அவன் பக்கத்தில் நின்று யோசித்துச் சொல்லுங்கள்.